கல்லாவில் வரும் கணக்கு கரும்பலகையில் வராதது ஏன்?



இந்தச் சிறுவனை உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை அவன் உங்கள் மகனாகவே இருக்கலாம்.

மாலையில் பள்ளி விட்டு வந்ததும் வாப்பாவின் மளிகைக் கடையில் வந்து நிற்பான். ஒருவர் கால் கிலோ துவரம்பருப்பு, இரண்டு சோப்பு, ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு 200 ரூபாய்த் தாளை நீட்டுவார். பருப்பு 40, சோப்பு இரண்டும் சேர்த்து 76, தேங்காய் 35. பையன் காகிதத்தைத் தேட மாட்டான். 'நூற்று ஐம்பத்தொன்று' என்பான். கல்லாவைத் திறந்து 49 ரூபாயை எண்ணிக் கொடுப்பான். ஒரு பைசா பிசகாது.

மறுநாள் காலை அதே பையன் வகுப்பில் நிற்கிறான். கரும்பலகையில் 200 கழித்தல் 151 என்று எழுதி, போடச் சொல்கிறார் ஆசிரியர். பையன் திணறுகிறான். பூஜ்யத்திலிருந்து ஒன்று போகாது. ஆகவே ஒன்றிலிருந்து பூஜ்யத்தைக் கழிக்கிறான். ஐந்திலிருந்து பூஜ்யத்தைக் கழிக்கிறான். கடைசியில் 151 என்று விடை எழுதுகிறான்!

மாலையில் 49 ரூபாய் கொடுத்த அதே கை, காலையில் 151 என்று எழுதுகிறது. கடையில் இப்படி மீதி கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் கடையைப் பூட்ட வேண்டியதுதான். ஆனால் கடையில் அவன் ஒருநாளும் இப்படித் தவறியதில்லை.

இது யார் குற்றம்? பையனுடையதா? இந்தக் கேள்வியைத்தான் இந்த இதழில் உங்கள் முன் வைக்கிறோம்.

உலகம் சோதித்துப் பார்த்த உண்மை

இது நம் கற்பனை அல்ல. 2019இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் அடங்கிய ஆய்வுக் குழு ஒன்று கல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர் சிறுமியரைச் சோதித்தது. முடிவுகள் 2025இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வெளிவந்தன.

அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லோருமே வியாபாரத்தில் சிக்கலான கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். அதே அளவு கடினமான, ஏன், அதைவிட எளிதான கணக்கைப் பள்ளிக்கூட முறையில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது அவர்களால் போட முடியவில்லை.

இது பாதி உண்மைதான். மறுபாதியையும் கேளுங்கள். அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும், சந்தை அனுபவம் இல்லாத 471 பிள்ளைகளையும் அந்தக் குழு சோதித்தது. இவர்கள் வெறும் எண் கணக்குகளை அவர்களைவிட நன்றாகப் போட்டார்கள். ஆனால் சந்தைக் கணக்கு ஒன்றைக் கொடுத்தபோது, உழைக்கும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகச் சொன்ன விடையை, பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவரால்தான் சொல்ல முடிந்தது!

ஆக, கடையில் கற்றது பள்ளிக்கு வரவில்லை. பள்ளியில் கற்றது கடைக்குப் போகவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆறு ஓடுகிறது. பாலம் இல்லை.

இது இந்தியாவின் நோய் மட்டுமல்ல. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு 1985இல் வெளிவந்தது. அவர்கள் வியாபாரம் செய்யும் இடத்திலேயே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து வெறும் எண்களாகக் கேட்டபோது 37 சதவீதம்தான் சரி. தேங்காய் விற்ற ஒரு சிறுவன், ஒன்று 35 வீதம் நான்கு தேங்காய்க்கு 140 என்று வாயாலேயே சரியாகச் சொன்னான். பிறகு 35ஐ நான்கால் பெருக்கு என்று எழுதக் கொடுத்தபோது அவன் எழுதிய விடை 200!

பிள்ளைக்கு மூளை இருக்கிறது. பள்ளிக்கூடம் அந்த மூளையின் கதவைத் தட்டவில்லை. அதுதான் கோளாறு.

நாம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம்?

நம் ஊர்களில் நடக்கும் நர்சரி, பிரைமரி பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். மூன்றரை வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து ஒன்றிலிருந்து நூறு வரை எழுத வைக்கிறோம். 'மிஸ், முடிச்சிட்டேன்' என்றால் அடுத்த பக்கம். ஏழு என்று எழுதத் தெரிந்த குழந்தைக்கு ஏழு புளியங்கொட்டைகளை எண்ணி எடுக்கத் தெரிகிறதா என்று யாராவது பார்த்தோமா?

ஆண்டு விழா மேடையில் ஐந்து வயதுக் குழந்தை பதினாறாம் வாய்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. நாம் கை தட்டுகிறோம். இறங்கி வரும் அந்தக் குழந்தையிடம், 'மூன்று தட்டில் நாலு நாலு பேரீச்சம்பழம் இருந்தால் மொத்தம் எத்தனை?' என்று கேட்டிருக்கிறோமா?

200 கழித்தல் 151ஐயே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்? 'பூஜ்யத்திலிருந்து ஒன்று போகாது, பக்கத்தில் கடன் வாங்கு.' பக்கத்திலும் பூஜ்யம்! 'அப்படியானால் அதற்கும் பக்கத்தில் கடன் வாங்கு.' வணிகர்களே, நீங்கள் சொல்லுங்கள். கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டாமா? இந்தக் கணக்கில் யாரும் எதையும் திருப்பித் தருவதில்லையே! பிள்ளை குழம்பாமல் என்ன செய்வான்?

உண்மையில் இது கடனே அல்ல. சில்லறை மாற்றுவது. கையில் இரண்டு நூறு ரூபாய்த் தாள்கள் இருக்கின்றன. 151 கொடுக்க வேண்டும். ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்று. அதில் ஒரு பத்தைப் பத்து ஒற்றை ரூபாயாக மாற்று. இப்போது உன்னிடம் ஒரு நூறு, ஒன்பது பத்து, பத்து ஒன்று இருக்கின்றன. 151 போனால் நான்கு பத்தும் ஒன்பது ஒன்றும் மிச்சம். 49!

கல்லாவில் தினமும் நடக்கும் காரியம்தான் இது. பணம் மாதிரித் தாள்களை மேஜையில் வைத்து, பிள்ளையின் கையாலேயே மாற்றச் செய்து, பிறகு அதையே பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் அவன் காலம் முழுக்க மறந்திருக்க மாட்டான். 'கடன் வாங்கு' என்ற மந்திரத்தைக் கொடுத்தோம். மந்திரம் மறந்தது, கணக்கும் போனது.

கடையில் அவன் போட்டது இன்னொரு வழி. 151உடன் 9 சேர்த்தால் 160. இன்னும் 40 சேர்த்தால் 200. ஆக 49. இதுவும் சரியான கணக்குதான். ஆனால் வகுப்பில் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? 'நான் சொன்ன மாதிரி போடு' என்று அடித்துத் திருத்துவார்கள். அவன் அறிவோடு வந்த வழியை அடைத்துவிட்டு, புரியாத வழியில் நடக்கச் சொல்கிறோம். பிறகு 'கணக்கு ஏறவில்லை' என்கிறோம்!

பொருள், படம், பிறகு எண்

தொடக்கப் பள்ளியில் கணக்குக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பொருள். அடுத்து படம். கடைசியில்தான் எண்.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். மூன்று கட்டு, நான்கு உதிரி என்றால் முப்பத்து நான்கு. கையில் பிடித்துப் பார்த்த பிள்ளை அதைப் படமாக வரையட்டும். அதன் பிறகு 34 என்று எழுதட்டும். அப்படிப் படித்த பிள்ளை இருநூற்று ஐந்தை 2005 என்று எழுதாது. நடுவில் கட்டு ஏதும் இல்லை என்பதைச் சொல்லத்தான் பூஜ்யம் நிற்கிறது என்பது அதற்குப் புரிந்திருக்கும்.

இந்த வரிசையைக் கல்வியாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் எழுதினார். நம் ஊர்க்காரர்கள் கப்பலேறிச் சென்று கடை வைத்த சிங்கப்பூர், 1980களின் தொடக்கத்தில் இதைத் தன் பள்ளிகளின் முறையாகவே ஆக்கிக்கொண்டது. 1995இல் நடந்த உலக ஒப்பீட்டுத் தேர்வில் நான்காம் வகுப்புக் கணக்கில் முதலிடம் பெற்றது அந்தச் சின்னஞ்சிறு நாடு. 2023 தேர்விலும் முதலிடம் அதற்குத்தான்.

அப்படியானால் வாய்பாடு வேண்டாமா? வேண்டும்! கட்டாயம் வேண்டும். ஆறேழு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ணுபவன் பெரிய கணக்கில் மூழ்கிப் போவான். ஆனால் புரிந்த பிறகு மனப்பாடம். ஆறு வரிசையில் ஏழேழு கொட்டைகளை அடுக்கிப் பார்த்தவன் 'ஆறேழு நாற்பத்திரண்டு' என்று சொல்லும்போது அந்த வார்த்தைக்கு உயிர் இருக்கும். அடுக்கிப் பார்க்காதவனுக்கு அது வெறும் ஓசை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் 'பதின்மூன்று' என்றாலே பத்தும் மூன்றும் என்பது காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் 'தர்ட்டீன்' என்றால் மூன்றின் ஓசைதான் முதலில் வருகிறது. பிள்ளை 31 என்று எழுதிவிடுகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் வீடுகளிலோ நூறு வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப் பெயர். வீட்டில் ஒரு எண், தெருவில் ஒரு எண், பள்ளியில் ஒரு எண் என்று மூன்று மொழியில் மூன்று விதமாகக் கேட்கும் பிள்ளைக்கு, முதலில் அதன் வாயில் இருக்கும் மொழியில் எண்ணக் கற்றுக் கொடுக்க வேண்டாமா? இங்கிலீஷ் மீடியம் என்று பெயர்ப்பலகை மாட்டியதாலேயே பிள்ளைக்கு எண் புரிந்துவிடுமா? மொழியைச் சேர்த்துக் கற்றுக் கொடுங்கள், மறுப்பில்லை. ஆனால் கணக்கு புரிவது பிள்ளையின் சொந்த மொழியில் தொடங்கட்டும்.

அரசுப் பள்ளியைப் பார்த்தீர்களா?

தமிழகத்தில் இது புதிய செய்தியுமல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் பரவியது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தார்கள். அதன் விளைவு என்ன? கிராமப்புறப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்ட 'ஏசர்' கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு போடத் தெரிந்தவர்கள் 2018இல் 25.9 சதவீதம். 2022இல் 11.2 சதவீதம்!

கொரோனாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கொரோனா வருவதற்கு முன்பே நான்கில் ஒரு பிள்ளைக்குத்தான் கழித்தல் தெரிந்திருந்தது. நோய் பழையது.

இதற்கு மருந்தாகத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை. மறு ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து கற்பிக்கும் முறை. அதில் குறைகள் இல்லாமல் இல்லை. பதிவேடுகளும் தேர்வுகளும் நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர்களே குமுறியிருக்கிறார்கள். ஆனாலும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு என்ற அடிப்படை சரியானது.

நாம் கட்டணம் வாங்கி நடத்தும் பள்ளிகளில் அந்த அடிப்படையாவது இருக்கிறதா? முதல் வகுப்புப் பாடமே புரியாத பிள்ளையை மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முன் உட்கார வைத்து, புத்தகத்தை முடித்தோம் என்று கணக்குக் காட்டுகிறோமே, அது நியாயமா?

சந்தையிலிருந்து பிறந்த கணக்கு

கணக்கு வானத்திலிருந்து குதித்த சாத்திரம் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, அல்ஜீப்ரா என்ற பெயருக்கே காரணமான நூலை எழுதினார். எதற்காக? வாரிசுச் சொத்தைப் பங்கிடவும், வியாபாரம் செய்யவும், நிலம் அளக்கவும் மக்களுக்குத் தேவைப்படுவதைச் சொல்வதற்காக. இந்தியாவில் பிறந்த எண்களை அரபுலகம் எடுத்தாண்டது. வட ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் வணிகர்களின் நடுவே இருந்த தகப்பனிடம் போய்ச் சேர்ந்த பைசா நகரத்து லியோனார்டோ என்ற இளைஞன் அந்த எண்களைக் கற்றான். 1202இல் தன் நூலின் வழியே ஐரோப்பாவில் பரப்பினான். அந்த நூலில் சரக்கு விலையும், கூட்டு வியாபார லாபமும், நாணய மாற்றும் நிறைந்து கிடக்கின்றன.

கடைக் கணக்கிலிருந்து ஏட்டுக் கணக்குக்குப் பாலம் போட்டவர்களின் வழியில் வந்த வணிகச் சமுதாயம் நாம். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாலத்தை நாமே மறுக்கலாமா?

இதில் போவது என்ன?

ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் தெரியாத பிள்ளை எட்டாம் வகுப்பில் சதவீதத்தில் விழும். பத்தாம் வகுப்பில் கணக்குத் தேர்வில் விழும். உடனே வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். 'இவனுக்குப் படிப்பு ஏறாது, கடையில் உட்காரட்டும்.' ஒரு மாணவனின் எதிர்காலம் ஒன்றாம் வகுப்பில் கட்டாத ஒரு குச்சிக் கட்டில் முடிந்துபோகிறது!

பெண் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். பையனுக்காவது கடையில் நின்று பழகும் கணக்கு இருக்கிறது. அவளுக்கு அதுவும் இல்லை. பள்ளிக்கூடம் கைவிட்டால் அவளுக்குக் கணக்கு எங்குமே இல்லை.

கடையும் மாறிவிட்டது, கவனித்தீர்களா? யு.பி.ஐ. வந்துவிட்டது. அட்டையைக் காட்டினால் போதும். மீதி எண்ணிக் கொடுக்கும் வேலையே குறைந்துவிட்டது. நாம் சிறுவயதில் கல்லாவில் கற்றதை இன்றைய பையன் கல்லாவிலும் கற்கப்போவதில்லை. ஆனால் ஜி.எஸ்.டி., தவணை வட்டி, கழிவு, லாப விகிதம் என்று கடைக்குத் தேவையான கணக்கு முன்பைவிடக் கூடிவிட்டது. செல்போன் கூட்டிக் கொடுக்கும். எதை எதோடு கூட்ட வேண்டும் என்று அது சொல்லுமா?

அதற்காக, 'படிப்பை விட்டுக் கடையில் போட்டால் கணக்கு தானாக வரும்' என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கல்கத்தா, டெல்லிச் சந்தைகளின் பிள்ளைகளே சாட்சி. கடை கற்றுக் கொடுத்த கணக்கு கடையோடு நின்றுவிட்டது. சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில், அபாயமில்லாத வேலையில், பள்ளி நேரம் போக உதவலாம். அவ்வளவுதான்.

என்ன செய்யப் போகிறீர்கள்?

பள்ளிக்கு நன்கொடை தரும் வணிகர்களே! கட்டடத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் தாராளமாகத் தருகிறீர்கள். இந்த ஆண்டு ஒரு நாள் பள்ளிக்குள் போங்கள். ஒன்றாம் வகுப்பில் எண்ணிப் பழக மணிச்சட்டம், குச்சி, கொட்டை, தராசு, படி, மாதிரிப் பணத்தாள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். உங்கள் கடையின் ஒருநாள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

பள்ளி நிர்வாகிகளே! தொடக்க வகுப்புக்குக் குறைந்த சம்பளத்தில் யாரையாவது போட்டுவிட்டு, நல்ல ஆசிரியரைப் பத்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விடுங்கள். அடித்தளம் போடுவதற்குத்தான் கைதேர்ந்த கொத்தனார் வேண்டும். உங்கள் ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். பாடப் புத்தகம் எத்தனை பக்கம் முடிந்தது என்று கேட்காதீர்கள். எத்தனை பிள்ளைகளுக்குப் புரிந்தது என்று கேளுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளையிடம் 'எத்தனை மார்க்?' என்று கேட்பதற்கு முன் 'எப்படிப் போட்டாய்?' என்று கேளுங்கள். விடை தவறாக இருந்தாலும் அந்த ஒரு கேள்வி, தவறு எங்கே என்று பிள்ளைக்கே காட்டிவிடும். கடைக்கு வரும் சரக்கை எண்ணச் சொல்லுங்கள். விலைச்சீட்டைக் கூட்டச் சொல்லுங்கள். பிறகு அதையே தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மகனிடம் கேட்பதை மகளிடமும் கேளுங்கள்.

இளைஞர்களே! வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம். மஹல்லாவில் ஒரு அறை, பத்துப் பிள்ளைகள், ஒரு கூடை புளியங்கொட்டை. கல்லூரிப் பட்டம் தேவையில்லை. 200இலிருந்து 151ஐ எப்படிக் கழிப்பது என்று பொறுமையாகச் சில்லறை மாற்றிக் காட்டத் தெரிந்தால் போதும். பிற சமுதாயத்துப் பிள்ளைகள் வந்தாலும் அதே பாயில் உட்கார வையுங்கள். எண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இட ஒதுக்கீட்டுக்காகப் போராடுகிறோம். வேலைவாய்ப்பில் பங்கு கேட்கிறோம். அந்தப் பங்கை வாங்கப் போகிறவன் இன்று ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். மேடையில் நாம் கேட்கும் சதவீதம் என்னவென்று அவனுக்குப் புரிய வேண்டுமானால், முதலில் அவன் கையில் பத்துக் குச்சிகளைக் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

மாலையில் 49 ரூபாயைச் சரியாக எண்ணிக் கொடுக்கும் அந்தப் பிள்ளை, காலையிலும் 49 என்று எழுதட்டும். அவனால் முடியும். நம்மால் முடியுமா என்பதுதான் கேள்வி!